பாலாற்றில் வராத படகு

உத்திரமேரூர் தாலுகாவிலேயே பழஞ்சீன மொழி படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பாதி இன்றைக்கும் உண்மை. எங்கள் தாலுகாவில் அப்படி வேறு ஆள் கிடையாது. “படிக்கத் தெரிந்த” என்கிற பாதியில்தான் தகராறு.

நான் இரும்புக்கடைக்காரன். பைப், பெயிண்ட், பூட்டு, ஆணி, கதவுக் கீல் எல்லாம் விற்கிற கடை, அத்தா வைத்தது. காலையில் கொத்தனார்களும் பிளம்பர்களும் வருவார்கள், சாயங்காலம் விவசாயிகள் வருவார்கள். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை ஈ காக்கை வராது. அந்த இரண்டு மணி நேரத்தில் சிலர் தூங்குவார்கள், சிலர் கேரம் ஆடுவார்கள். நான் சீனம் படித்தேன்.

காரணம் ஒரு டிரில்லிங் மிஷின் பெட்டி. அதன் மேல் கோடு கோடாக ஏதோ எழுதியிருந்ததைக் காட்டி ஒரு கொத்தனார், “இன்னா பாய் போட்டுக்கீது?” என்று கேட்டார். “ஒரு வருஷம் கேரண்டின்னு போட்டுக்கீது” என்று அடித்துவிட்டேன். அவர் போனதும் மனசு உறுத்தியது. பில் போடுவதற்காக வாங்கிய கம்ப்யூட்டரில், மவுஸால் எழுத்தை வரைந்தால் பொருள் சொல்லும் அகராதி ஒன்றைக் கண்டுபிடித்தேன். முதல் எழுத்தை வரைய அரை மணி நேரம் ஆயிற்று. ‘மின்சாரம்’ என்று வந்தது. எனக்கு ஷாக் அடித்தது போலவே இருந்தது. முழுப் பெட்டியையும் படித்து முடித்தபோது ஒரு வாரம் ஓடியிருந்தது. (ஈரத்தில் வைக்காதே என்று போட்டிருந்தது. கேரண்டி பற்றி ஒரு வார்த்தை கிடையாது.)

பெட்டிகள் சீக்கிரம் அலுத்துவிட்டன. எல்லாப் பெட்டியும் ஈரத்தைப் பற்றியே கவலைப்பட்டது. அங்கே இங்கே அழுத்தி, ஒரு நாள் எங்கோ வெளிநாட்டில் இருக்கிற நூலகத்தின் இணையதளத்தில் போய் விழுந்தேன். அச்சுக் கட்டையால் அடித்த பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். மஞ்சள் காகிதம், கரிய எழுத்து. கமா கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது, ஏன் என்று கேட்க ஆளும் கிடையாது. போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னால் அது ‘ஆடு மேகம் கடன் அப்பா’ என்றது. ஆகவே எழுத்து எழுத்தாக நானே வரைந்து தேடினேன். பூச்சி அரித்த ஓர் ஓட்டையை எழுத்து என்று நினைத்து இரண்டு நாள் தேடியதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இடத்தில் என் மனைவி நசீமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் அப்போது வீட்டில் இல்லை.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழந்தை இல்லை. சண்டையும் இல்லை. சண்டைக்குப் பேச்சு வேண்டும், நான் பேசுகிற ஆள் இல்லை. கடையில் நாள் முழுக்க “அரை இஞ்சா, முக்கா இஞ்சா?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் வாய்க்கு ஷட்டர் போட்டுவிடுவேன். நசீமா வாலாஜாபாத்தில் தன் தங்கைக்குப் பிரசவம் பார்க்கப் போனாள். நாற்பது நாள் என்று பேச்சு. நாற்பது முடிந்ததும் போன் செய்தாள்.

“தங்கச்சிக்கு இன்னும் தெம்பு வரலீங்க. கொஞ்ச நாள் கழிச்சு வரவா?”

“சரி.”

“சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன்.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல.”

இப்படியே ஏழு மாதம் ஆயிற்று. தங்கைக்குத் தெம்பு வந்து, குழந்தைக்குத் தலை நின்று, அது குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டது. நசீமா வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்று பயமாக இருந்தது.

எனக்குத் தனியாக இருந்தது. அதை இப்போது சொல்ல முடிகிறது, அப்போது சொல்ல முடியவில்லை. காலையில் டீ குடித்து வைத்த டம்ளர் நான் திரும்பி வரும்போதும் வைத்த இடத்திலேயே இருக்கும். அதை ஒரு விரற்கடை நகர்த்திவைக்கக்கூட வீட்டில் ஆள் இல்லை. சில நாள் நானே அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கடைக்குப் போவேன். அதனால் என்ன லாபம் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நூலகத் தளத்தில் ஒரு படம் கண்ணில் பட்டது. ஓர் ஓரமாக வீடு, நடுவில் ஆறு, ஆற்றில் படகு. படகில் கையில் துணி மூட்டையோடு ஒரு பெண். யார் எழுதியது என்றே தெரியாத ஒரு குட்டிக் கதைக்கு நடுவே அந்தப் படம் இருந்தது. மொத்தம் எட்டே பக்கம். பக்கங்களின் சின்னச் சின்னப் படங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். இடது கோடியில் இருந்ததை அழுத்தி முதல் பக்கத்தை ஆரம்பித்தேன். எழுத்து மேலிருந்து கீழாக வரிவரியாக இறங்கியது. இடது ஓரத்து வரியில் தொடங்கி ஒவ்வொன்றாக வலப்பக்கம் நகர்ந்தேன்.

எட்டுப் பக்கத்துக்கு ஐந்து வாரம் பிடித்தது. கதை இதுதான். தலை நரைத்த ஒரு மனிதன் ஆற்றுத் துறையில் நிற்கிறான். படகுக்காரன் அவனிடம் ஏதோ கேட்கிறான். அவன் பதில் சொல்லவில்லை. அடுத்து, அடுப்பில் சோற்றுப் பானை சில்லிட்டுக் கிடக்கிறது. அடுத்து, படகில் அவன் மனைவி மூட்டையோடு. அடுத்து, அவள் விளக்கேற்றுகிறாள். அவன் புத்தகம் படிக்கிறான், நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து பேசிப் பேசிச் சிரிக்கிறார்கள். சுபம். தலைப்பு அதற்கும் பிறகு, கொட்டை எழுத்தில் வந்தது. ‘கதை முடிந்த பின்னரே தலைப்பு வைப்பது சீனர் வழக்கம்’ என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நடுவில் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லைதான். ஒரு வரி பாதியில் நிற்கும், அடுத்த வரி எங்கேயோ தொடங்கும். அதற்கும் நோட்டில் விளக்கம் இருந்தது. ‘சீனர்கள் பாதி சொல்லிவிட்டு மீதியை மௌனத்தில் விடுகிறார்கள். ஆழம்!’ ஆச்சரியக்குறிகூடப் போட்டிருந்தேன்.

இந்த மகிழ்ச்சியைச் சொல்ல ஆள் இல்லை. நூலகத்துக்கே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு மெயில் அனுப்பினேன். உடனே சீனத்தில் பதில் வந்தது. இரண்டு மத்தியானம் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். ‘உங்கள் கடிதம் கிடைத்தது. இது தானாக அனுப்பப்படும் பதில்’ என்றது. அதையும் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். கடிதம் கிடைத்தது என்று சொன்னதே பெரிதாக இருந்தது.

கடைசியில் மாட்டியவர் ஏழுமலை. பெருநகர் விவசாயி, எங்கள் பழைய வாடிக்கை. போர் மோட்டாருக்கு ஃபுட்வால்வு வாங்க வந்தவரைப் பெயிண்ட் டிரம்மின் மேல் உட்காரவைத்து முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“கத நல்லாத்தான் கீது பாய். வூட்டுக்காரம்மா ஊர்லருந்து வந்துச்சா?”

“இல்ல.”

“நீ போயி இட்டாந்துடறதுதான?”

“அதத்தான் ஏழுமல இந்தக் கத சொல்லுது. அவன் கூப்புடவே இல்ல. சும்மா படிச்சிக்கினு இருந்தான். அவளே படகுல வந்துட்டா.”

ஏழுமலை ஃபுட்வால்வைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

“வாலாஜாபாத்லருந்து படகா? பாலாத்துல கால் நனையத் தண்ணி கெடையாது பாய்.”

இலக்கிய ரசனை இல்லாத ஆள் என்று நினைத்து அவரை அனுப்பிவைத்தேன். ஆயிரம் வருஷத்துக் கதை பொய் சொல்லாது, அவன் செய்ததையே நாமும் செய்வோம் என்று முடிவு கட்டினேன். நான் போன் செய்வதை நிறுத்தினேன். நசீமா செய்தால், படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுவேன். அவளும் செய்வதைக் குறைத்தாள், பிறகு நிறுத்திவிட்டாள். வேலை செய்கிறது, இதோ வந்துவிடுவாள் என்று நினைத்தேன். இப்படியும் ஒருவன் இருப்பானா என்று உங்களுக்குத் தோன்றலாம். இருந்தான், கல்லாவில் உட்கார்ந்திருந்தான்.

வந்தது என் மாமனாரின் போன்.

“மாப்ளே, ஞாயித்துக்கெளம மத்தியானம் வாங்க. ஜமாத்துலருந்து ரெண்டு பெரியவங்களயும் வரச்சொல்லிக்கீறேன். பேசி ஒரு முடிவு பண்ணிரலாம்.”

‘முடிவு’ என்றால் இரண்டில் ஒன்று. பெரியவர்கள் வந்து உட்கார்ந்தால் ஒன்று சேர்த்துவைப்பார்கள், இல்லையென்றால் பிரித்துவைப்பார்கள். அவர்கள் முன்னால் நான் என்ன பேசுவது? எனக்குப் பேச வராது. ஆனால் என்னிடம் ஒரு கதை இருந்தது. எட்டுப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது கீழே எட்டிப்பார்த்தேன். மணலும் கருவேலமுள்ளும்தான் இருந்தன.

மாமனார் வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் இரண்டு பேரும் நாற்காலியில் இருந்தார்கள். மாமனார் கட்டிலில். உள் அறைக் கதவின் அருகில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நசீமா நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். மாமியார் டீத் தட்டோடு வந்தவர் என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். தட்டை அப்படியே தரையில் வைத்தார்.

“யா அல்லா, பேப்பரே எடுத்துக்கினு வந்துட்டாரு” என்று தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜமாத்துப் பெரியவர்களில் மூத்தவர் கடுகடுவென்று கையை நீட்டி ஃபைலை வாங்கினார். கண்ணாடியை மாட்டினார். முதல் காகிதத்தைப் பார்த்தார், தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது எந்த ஊரு கோர்ட்டு தம்பி?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் நான் தலாக் பத்திரம் கொண்டுவந்திருப்பதாக நினைத்துவிட்டார்கள். நசீமாவைப் பார்த்தேன். குழந்தையைத் தட்டுகிற அவள் கை நின்றுபோயிருந்தது.

“ஐயோ இல்லீங்க! இது சீனாக் கத!” என்றேன்.

மாமியார்கூட அழுகையை நிறுத்திவிட்டார். வேறு வழியில்லாமல் கதையைச் சொன்னேன். நரைத்த தலை, சில்லிட்ட பானை, படகு, விளக்கு, புத்தகம், சிரிப்பு. “இதனால இன்னா தெரியுதுன்னா, புருஷன் கூப்புடாமலே இருந்தா பொண்டாட்டி தானா வந்துடும்” என்று அழகாக முடித்தேன். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவர் என் மாமனாரிடம் மெதுவாக, “டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?” என்று கேட்டது எனக்குக் கேட்டது.

மாமனார் பாவம், மருமகனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். “குடுங்க, நானும் பாக்குறேன்” என்று காகிதக் கட்டை வாங்கினார். தினமும் விடியலில் ஃபஜ்ர் தொழுகை முடிந்து குர்ஆன் ஓதுகிறவர் அவர். கைப்பழக்கம், கட்டைத் திருப்பி வலப்பக்கத்திலிருந்து, அதாவது என் கணக்கில் பின்பக்கத்திலிருந்து, திறந்தார்.

“தலைப்பு இங்க கீதே மாப்ளே. பெரிய எழுத்துல, வலது ஓரத்துல. இங்கருந்து இல்ல ஆரம்பிக்கணும்?”

“அது சீனர் வழக்கம் மாமா…” என்று தொடங்கி, அவர் விரல் வைத்திருந்த இடத்தைப் பார்த்தேன். தலைப்பு. அதற்கு அடுத்து இடப்பக்கம் முதல் வரி. முதல் வரியின் அடி எழுத்து ‘சிரித்து’. அதற்கு இடப்பக்கத்து வரியின் தலை எழுத்து ‘பேசினார்கள்’. ஒட்டியது. அடுத்ததும் ஒட்டியது. ஐந்து வாரம் ஒட்டாத வாக்கியமெல்லாம் அந்தக் கட்டிலின் மேல் ஒட்டிக்கொண்டே போனது. ஐந்து வயதில் மதரஸாவில் உட்கார்ந்து வலமிருந்து இடமாக ஓதக் கற்றவன் நான். உலகத்தில் இந்தத் தப்பைச் செய்யக்கூடாத ஆள் யாராவது இருந்தால் அது நான்தான். வலப்பக்கம் என்பது நம்முடைய அரபுக் கிதாபுக்கு மட்டும் உரியது, சீனாக்காரனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

“தல கீழா படிச்சிட்டேன்” என்றேன்.

“அப்ப கத இன்னா?” என்றார் மூத்தவர். அவருக்கு ஆர்வம் வந்துவிட்டிருந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து, விரலை வரிமேல் வைத்து, வலமிருந்து இடமாக வாய்விட்டுச் சொன்னேன். புருஷனும் பெண்டாட்டியும் முற்றத்தில் உட்கார்ந்து பேசிச் சிரிக்கிறார்கள். அவனுக்கு ஒரு புத்தகம் கிடைக்கிறது. அவள் விளக்கேற்றி வைக்கிறாள், அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த இடத்தில் படம் வந்தது. குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு நசீமா பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். படத்தை அவள் தன் பக்கம் இழுத்தாள்.

“இவ வரலீங்க. போறா.”

“எப்பிடிச் சொல்ற?”

“ஒடம்பு அந்தக் கரையப் பாத்துக்கினு கீது. தல மட்டும் வூட்டப் பாத்து திரும்பிக்கீது. நானும் பஸ்ல அப்பிடித்தான் ஒக்காந்துகினு போனேன். பஸ்ஸு நம்ப கடையத் தாண்டறப்போ, நீங்க வெளிய வந்து நிப்பீங்களான்னு பாத்தேன். நீங்க கம்ப்யூட்டர்ல இன்னாவோ வரைஞ்சிக்கினு இருந்தீங்க.”

நான் வரைந்துகொண்டிருந்தது ‘ஈரம்’ என்ற எழுத்து. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, சரியாக வரைந்துவிட்டேன் என்று அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை.

மீதியைப் படித்தேன். மூன்று நாள் கழித்து அவனுக்குப் பசிக்கிறது. அடுப்படிக்குப் போனால் பானை சில்லிட்டுக் கிடக்கிறது. அப்போதுதான் அவள் இல்லை என்று தெரிகிறது. துறைக்கு ஓடுகிறான். அங்கேயே நின்று தலை நரைக்கிறது. நான் முதல் காட்சி என்று நினைத்தது கடைசிக் காட்சி. படகுக்காரன் கேட்கிறான்: அன்றைக்குப் படகு இங்கேதானே நின்றது, ஒரு குரல் கொடுத்திருந்தால் திருப்பியிருப்பேனே, ஏன் கூப்பிடவில்லை?

“அந்தாளு இன்னா சொன்னான்?” என்றார் மூத்தவர்.

“ஒண்ணும் சொல்லலீங்க. கத அவ்ளோதான்.”

நசீமா என்னைப் பார்த்தாள்.

“அவன் சொல்லல. சரி. நீங்க இன்னா சொல்றீங்க?”

மாமனார், மாமியார், ஜமாத்துப் பெரியவர்கள் இரண்டு பேர், மைத்துனி, தவழுகிற குழந்தை. இத்தனை பேர் முன்னால் எங்கள் வீட்டு ஆண்கள் பெண்டாட்டியின் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள்.

“நசீமா, வூட்ல என்னால தனியா இருக்க முடியல. வந்துடு” என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் மரியாதை மிஞ்சியிருக்கும். சொல்லி முடித்த கையோடு அழுதுவிட்டேன். சத்தமாக, மூக்கு ஒழுக, நாற்பத்திரண்டு வயது ஆள். குழந்தை பயந்துபோய் என்னோடு சேர்ந்து வீறிட்டது. மாமியார் மூன்றாவதாகச் சேர்ந்துகொண்டார். இளைய பெரியவர் தோள் துண்டை எடுத்து என் கையில் திணித்தார், அதை நான் இன்னும் திருப்பித் தரவில்லை.

அவள் அன்றைக்கு என்னோடு வந்துவிடவில்லை. “ரெண்டு நாள் கழிச்சு வரேன்” என்றாள். இந்த முறை நான் சரி என்று சொல்லவில்லை. எந்த பஸ், எத்தனை மணி, எந்தப் பக்கத்து ஜன்னல் என்று கேட்டேன். பதினோரு வருஷத்தில் ஒரே மூச்சில் நான் அவளிடம் கேட்ட கேள்விகளில் அதுதான் அதிகம் என்று பிறகு சொன்னாள்.

வாலாஜாபாத்தில் இன்றுவரை என் பெயர் ‘சீனா மாப்ள’. கல்யாணப் பத்திரிகை எது வந்தாலும் மாமனார் அதைத் திருப்பிப் பிடித்துத்தான் என்னிடம் நீட்டுவார். “மாப்ளைக்குப் பின்பக்கத்தக் காட்டுங்க, அவுரு நிக்காவ முடிச்சிட்டுத்தான் பொண்ணு பாக்கப் போவாரு.” விருந்தில் எனக்கு மட்டும் முதலில் பீடாவை வைத்துவிட்டு அப்புறம்தான் பிரியாணி வைக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது, அதுவும் “பெரியப்பா, எந்தப் பக்கம்?” என்று கேட்டுச் சிரிக்கிறது.

நான் இன்னும் சீனம் படிக்கிறேன், வலமிருந்து இடமாக. இன்னும் தாலுகாவில் நான் ஒருவன்தான், அந்தத் தனிமை தீரவில்லை, தீராது என்றுதான் நினைக்கிறேன். ஒரு வரி பிடிபட்டதும் நசீமாவுக்குப் போன் செய்து சொல்வேன். பாதி கேட்டுவிட்டு “பருப்பு பொங்குதுங்க” என்று வைத்துவிடுவாள். பரவாயில்லை.

அவள் மாதம் ஒரு முறை வாலாஜாபாத் போகிறாள். கடை முன்னால் அந்த பஸ் வருகிற நேரத்துக்கு, கல்லாவுக்கு முன்னால் எத்தனை பேர் நின்றாலும் விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து நிற்கிறேன். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் விஷயம் தெரிந்துபோய், கடை வருவதற்கு முன்பே ஹாரன் அடித்து, அங்கே மட்டும் ஊர்ந்து போகிறார்கள். பஸ்ஸில் இருக்கிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. இருந்தாலும் நடுத்தெருவில் நின்று, “நசீமா, சீக்கிரம் வந்துடு!” என்று சத்தமாகக் கூப்பிடுகிறேன்.